₹ கேட்டால் ╣ வருகிறதே! – வாசகர் கேள்வி பதில்

கீபோர்டில் இல்லாத குறிகளைக் குறியெண் கொடுத்து வரவழைப்பது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். ஒரு முன்குறிப்பு: குறியெண்ணுக்குள் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று வந்தால் அந்த ஆங்கில விசையைத் தட்ட வேண்டும். படிக்க வசதியாக இடைவெளி விட்டு அச்சிட்டிருக்கிறோம்; தட்டும்போது இடைவெளி கிடையாது.

புதுக் கீபோர்டில் 4-க்குப் பக்கத்தில் ₹ அச்சிட்டிருக்கிறது. எப்படி அழுத்தினாலும் அது வரவே இல்லை. கீபோர்டு பழுதா?
*– வாசகி, குளச்சல்*

பழுதில்லை. விசையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸில் தேர்ந்தெடுத்திருக்கும் கீபோர்டு அமைப்பு. உங்களுடையதில் அமெரிக்க ஆங்கில அமைப்பு இருக்கும். அதில் ₹ கிடையாது.

செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் என்று போய் 'ஆட் எ லாங்வேஜ்' கொடுத்து 'இங்கிலீஷ் (இந்தியா)' சேருங்கள். பிறகு விண்டோஸ் விசையைப் பிடித்தபடி ஸ்பேஸ்பாரைத் தட்டி அந்த அமைப்புக்கு மாறுங்கள். இப்போது வலது பக்க ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 4 தட்டினால் ₹ வரும். வலது ஆல்ட் கெட்டுப்போன கீபோர்டில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்து 4 தட்டினாலும் அதே பலன். தட்ட வேண்டியது எழுத்துகளுக்கு மேல் உள்ள 4. வலப்பக்க நம்பர் பேடில் உள்ள 4 அல்ல.

ரூபாய்க் குறியின் எண் 8377 என்று படித்தேன். ஆல்ட்டைப் பிடித்து 8377 தட்டினால் வேர்டில் ₹ வருகிறது. நோட்பேடில் ╣ என்று ஏதோ வேலிக்கம்பி மாதிரி வருகிறது. மாணவிகள் கேட்டால் என்ன சொல்ல?
*– தட்டச்சுப் பயிலக ஆசிரியை, தக்கலை*

ஒரே எண்ணை மூன்று விதமாகப் படிக்கும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முன்னால் சுழி இல்லாமல் தட்டினால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 256 எழுத்துப் பட்டியல். முன்னால் சுழி போட்டுத் தட்டினால் விண்டோஸின் சொந்த 256 எழுத்துப் பட்டியல். மூன்றாவது, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்த யூனிகோடு. வேர்டு போன்ற சில நிரல்கள் மட்டும் 255-ஐத் தாண்டிய எண்ணை யூனிகோடு எண்ணாக எடுத்துக்கொள்ளும். பழைய நோட்பேடுக்கு அது தெரியாது. 8377-ஐ 256-ஆல் வகுத்து மீதியை எடுக்கும். மீதி 185. டாஸ் பட்டியலில் 185-ஆவது குறி ╣. முன்னால் சுழி போட்டு 08377 என்று தட்டிப் பாருங்கள், ¹ வரும். விண்டோஸ் பட்டியலில் 185 அதுதான். விண்டோஸ் 11-உடன் வரும் நோட்பேடு மாற்றி எழுதப்பட்டது என்பதால் இந்தச் சோதனையைப் பழைய கம்ப்யூட்டரில்தான் காட்ட வேண்டும்.

இதே காரணத்தால்தான் 0176 தட்டினால் ° வருகிறது, சுழியை விட்டு 176 தட்டினால் ░ என்று புள்ளி போட்ட கட்டம் வருகிறது. டாஸ் பட்டியலில் டிகிரிக்கு எண் 248.

மாணவிகள் மனப்பாடம் செய்யத் தகுந்தவை சில. ¼ 0188, ½ 0189, ¾ 0190. பெருக்கல் × 0215, வகுத்தல் ÷ 0247. சதுரம் காட்டும் ² 0178. ± 0177. இரட்டை மேற்கோள் தொடக்கம் 0147, முடிவு 0148. நடுக்கோடு – 0150. இவை எல்லாம் விண்டோஸ் பட்டியல், சுழி கட்டாயம். √, π இரண்டும் அதில் இல்லை. √ டாஸ் பட்டியலில் சுழி இல்லாமல் 251. π அதே பட்டியலில் 227.

தட்டும் முறையில் நான்கு இடத்தில் சறுக்கும். எண்களை நம்பர் பேடில்தான் தட்ட வேண்டும்; மேல் வரிசை எண்கள் எடுபடாது. நம் லாக் எரிய வேண்டும். இடது ஆல்ட்டைப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் இந்திய அமைப்பில் வலது ஆல்ட்டுக்கு வேறு வேலை. கடைசி எண் தட்டி முடியும்வரை ஆல்ட்டை விடக் கூடாது; விட்ட பிறகுதான் எழுத்து தோன்றும். தமிழ்க் கீபோர்டில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுத் தட்டுவது நல்லது.

நம் லாக் அணைந்திருந்தால் எழுத்து வராது என்பதோடு போவதில்லை. அப்போது நம்பர் பேடின் 4 இடது அம்புக்குறியாக வேலை செய்யும். ஆல்ட்டும் இடது அம்பும் சேர்ந்தால் பிரவுசரில் 'முந்தைய பக்கம்'. ஆன்லைன் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நிலையில் 4 வரும் குறியெண் எதையாவது தட்டினால் நிரப்பியது போய்விடலாம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

என் லேப்டாப்பில் நம்பர் பேடே கிடையாது. ஆல்ட் எண் எனக்கு உதவாதா?
*– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்*

வேர்டில் எழுதுகிறீர்கள் என்றால் நம்பர் பேடு தேவையே இல்லை. குறியின் யூனிகோடு எண்ணைப் பதினாறடிமான முறையில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு, அப்படியே தட்டுங்கள். கர்சர் அதன் வாலில் இருக்கும்போதே ஆல்ட்டுடன் எக்ஸ் தட்டுங்கள். 20 பி 9 தட்டி ஆல்ட் எக்ஸ் கொடுத்தால் ₹. 2713 தட்டிக் கொடுத்தால் ✓. 2264 என்றால் ≤. லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இதுவே.

இதில் ஒரு கண்ணி உண்டு. குறிக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் வேறு எண் இருந்தால் வேர்டு அதையும் சேர்த்து விழுங்கும். 5-ஐ ஒட்டி 20 பி 9 தட்டினால் ஐந்திலக்க எண்ணாக நினைத்து ஒரு வெற்றுக் கட்டத்தைத் தரும். குறியெண்ணின் நான்கு இலக்கங்களை மட்டும் செலக்ட் செய்துவிட்டு ஆல்ட் எக்ஸ் கொடுத்தால் சரியாகும்.

இதைத் திருப்பியும் ஓட்டலாம் என்பதுதான் இந்த வழியின் உண்மையான லாபம். எங்கிருந்தோ காப்பி எடுத்து வந்த, பெயர் தெரியாத ஒரு குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் எக்ஸ் கொடுங்கள். அதன் எண் வெளியே வரும். மறுபடி கொடுத்தால் பழையபடி குறி. எந்தப் பட்டியலையும் தேட வேண்டியதில்லை.

வேர்டுக்கு வெளியே என்றால், விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். எமோஜிப் பெட்டி திறக்கும். அதில் குறிகளுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது, நாணயக் குறிகளும் உண்டு. தினமும் எண் தட்டும் வேலை என்றால் யுஎஸ்பி நம்பர் பேடு தனியாகவே கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

திருவிதாங்கூர் காலத்துப் பழைய பிரமாணங்களை (பத்திரங்களை)ப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறோம். ௵, ௴, ௸ போன்ற குறிகளும், கால், அரை, மாகாணி போன்ற பின்னக் குறிகளும், இடையிடையே மலையாளக் குறிகளும் வருகின்றன. இவற்றை அப்படியே கொண்டுவர முடியுமா?
*– ஆவண எழுத்தர், குழித்துறை*

முடியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய ஆவணம் கையில் வந்தால் இந்த மாவட்டத்தில் இரண்டு மொழிக் குறிகளும் கலந்து வருவது வழக்கம்தான். மூன்று தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் தொகுதி, தமிழின் வழக்கமான யூனிகோடு பட்டியலிலேயே உள்ளவை. நாள் ௳ 3059, மாதம் ௴ 3060, வருடம் ௵ 3061, பற்று ௶ 3062, வரவு ௷ 3063, மேற்படி ௸ 3064, ரூபாய் ௹ 3065. எண்கள் 3046-இல் சுழியோடு தொடங்கி வரிசையாக ஓடும்: ௧ 3047, ௯ 3055, பத்து ௰ 3056, நூறு ௱ 3057, ஆயிரம் ௲ 3058. வேர்டில் ஆல்ட்டைப் பிடித்து நம்பர் பேடில் இந்த எண்களைத் தட்டலாம். ஆல்ட் எக்ஸ் முறைக்கு ௳ 0 பி எஃப் 3-இல் தொடங்கி ௹ 0 பி எஃப் 9-இல் முடியும். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

௧-க்குப் பதில் க, ௭-க்குப் பதில் எ, ௰-க்குப் பதில் ய என்று எழுத்தையே தட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தாளில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். ஆனால் பிறகு அந்தக் கோப்பில் சர்வே எண்ணையோ ஆண்டையோ தேடினால் கிடைக்காது. எண்ணை எண்ணாகவே தட்டுங்கள்.

இரண்டாவது தொகுதி, தமிழ்ப் பின்னங்கள். இவை 2019-இல் வந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தன. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு வெகு தொலைவில் தனித் தொகுதியாக இருக்கின்றன. எண்கள் ஐந்திலக்கம். முந்திரி என்னும் 1/320 - 11 எஃப் சி 0. காணி என்னும் 1/80 - 11 எஃப் சி 2. மா என்னும் 1/20 - 11 எஃப் சி 8. அரைக்கால் 11 எஃப் சி சி. கால் 11 எஃப் டி 0, அரை 11 எஃப் டி 1, முக்கால் 11 எஃப் டி 3. நீங்கள் கேட்ட மாகாணி, அதாவது 1/16, இரண்டு வடிவங்களில் இருக்கிறது: 11 எஃப் சி 9, 11 எஃப் சி ஏ. மூலத்தில் எந்த வடிவம் என்று பார்த்துப் போடுங்கள். அரைக் குறிக்கும் அடுத்த எண்ணில், 11 எஃப் டி 2-இல், இன்னொரு வடிவம் உண்டு. காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயக் குறிகளும் இதே தொகுதியில் 11 எஃப் டி டி முதல் வரிசையாக இருக்கின்றன. திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தின் கணக்கோடு பணக் கணக்கும் வரும் ஆவணங்களில் உதவும். எல்லாவற்றுக்கும் வேர்டில் ஆல்ட் எக்ஸ்தான் எளிய வழி.

தட்டியதும் வெற்றுக் கட்டம் வந்தால் எண்ணைத் திருத்தப் போகாதீர்கள். எண் சரி, எழுத்துருவில்தான் அந்த வடிவம் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவை நிறுவி, அந்தக் கட்டத்தைச் செலக்ட் செய்து எழுத்துருவை மாற்றுங்கள், கட்டம் பின்னமாகிவிடும். வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது அங்கே அந்த எழுத்துரு இருக்காது, மறுபடி கட்டம் வரும். ஆகவே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். ஆன்லைன் படிவங்களில் இந்த ஐந்திலக்க எழுத்துகளை ஏற்காத தளங்கள் இருக்கின்றன. ஏற்காவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், 'கால்', 'மாகாணி' என்று சொல்லாகவே எழுதுங்கள்.

மூன்றாவது தொகுதி மலையாளம். கால் ൳ 3443, அரை ൴ 3444, முக்கால் ൵ 3445. தேதிக்கான ൹ 3449. இவை 2008-இலேயே யூனிகோடில் வந்துவிட்டதால் விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துருவைக் கட்டாயப்படுத்தினால் மட்டும் கட்டம் வரும். கொல்லம் ஆண்டை (மலையாள ஆண்டை) ஆங்கில ஆண்டாக மாற்றிக் குறிக்கும்போது ஒரே எண்ணைக் கூட்டிவிட்டுப் போகாதீர்கள். அது ஆகஸ்ட் மாதவாக்கில் பிறக்கும் ஆண்டு. கொல்லம் 1100 என்றால் 1924-25. மாதத்தைப் பார்த்து 824-ஆ 825-ஆ என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூலத்தில் ௹ அல்லது 'ரூ' என்று இருக்கும் இடத்தில் ₹ போடாதீர்கள். ₹ என்ற வடிவத்தை மத்திய அரசு ஏற்றதே 2010 ஜூலையில்தான். திருவிதாங்கூர் ஆவணத்தின் நகலில் அது நின்றால் பார்ப்பவருக்கு நகலின் மேலேயே சந்தேகம் வரும்.

வேர்டு மட்டுமல்லாமல் எல்லா நிரலிலும் யூனிகோடு எண் தட்ட விண்டோஸில் வழி உண்டா?
*– வாசகர், இரணியல்*

உண்டு, ஆனால் அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவு சேர்த்தால் திறக்கும். விண்டோஸ் விசையுடன் ஆர் தட்டி, 'ரெஜ்எடிட்' என்று ஆங்கிலத்தில் கொடுத்துத் திறங்கள். எச்கீ கரன்ட் யூசர், அதற்குள் கன்ட்ரோல் பேனல், அதற்குள் இன்புட் மெத்தட். வலப்பக்க வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ, ஸ்டிரிங் வேல்யூ. பெயர் 'எனேபிள்', 'ஹெக்ஸ்', 'நம்பேட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்தது. அதை இரட்டைக் கிளிக் செய்து மதிப்பு 1 கொடுங்கள். டிவேர்டு என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் வேலை செய்யாது, ஸ்டிரிங்தான். பிறகு சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும்.

இனி ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடின் + விசையைத் தட்டி, தொடர்ந்து 20 பி 9 தட்டி ஆல்ட்டை விட்டால் ₹. எண்களுக்கு நம்பர் பேடு, எழுத்துகளுக்கு வழக்கமான விசைகள்.

குறை இரண்டு. நான்கு இலக்க எண்ணோடு இதன் எல்லை முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தமிழ்ப் பின்னங்களுக்கு இதை நம்ப முடியாது. மற்றது, ஆல்ட்டைப் பிடித்தபடி எஃப், டி, இ தட்டுவதைச் சில நிரல்கள் மெனுவுக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். குறி வருவதற்குப் பதில் மெனு விரிந்தால் காரணம் அதுதான். அலுவலகக் கம்ப்யூட்டரில் ரெஜிஸ்ட்ரியைத் தொட அனுமதி இல்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

பூ எடையை எக்செல்லில் ஏற்றும்போது 1/2 தட்டினால் பிப்ரவரி ஒன்றாம் தேதி ஆகிவிடுகிறது. ஆல்ட் 0189 தட்டி ½ போட்டால் கூட்டுத்தொகையில் அந்த வரி சேரவில்லை.
*– மொத்த வியாபாரம், தோவாளை*

½ என்பது எக்செல்லின் கண்ணுக்கு ஓர் எழுத்து, எண் அல்ல. பில்லில் அச்சிட அழகாக இருக்கும், கணக்குக்கு ஆகாது. பிச்சி அரை கிலோ என்று ஏற்ற, முதலில் 0, ஓர் இடைவெளி, பிறகு 1/2 தட்டுங்கள். கட்டத்தில் 1/2 என்று தெரியும், உள்ளே மதிப்பு 0.5, கூட்டலில் சேரும். இரண்டரை கிலோவுக்கு 2, இடைவெளி, 1/2. ஏற்கெனவே தேதியாக மாறிப்போன கட்டங்களின் ஃபார்மட்டை மட்டும் மாற்றினால் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண் நிற்கும். தேதிக்கு எக்செல் வைத்திருக்கும் உள் எண் அது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

எக்செல் கட்டத்தில் ஆல்ட் எக்ஸ் வேலை செய்யாது. குறி வேண்டுமானால் யூனிசார் என்ற சார்பு இருக்கிறது: சமக்குறி, 'யூனிகோடு' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து, அதை ஒட்டி 'கேரக்டர்' என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து, அடைப்புக்குள் 8377. ₹ வரும். ஆனால் தொகைக் கட்டங்களில் அதைச் செய்யாதீர்கள். கட்டத்தைச் செலக்ட் செய்து ஃபார்மட் செல்ஸ், கரன்சி என்று போய் ₹ தேர்ந்தெடுத்தால் எண் எண்ணாகவே இருக்கும்.

உறுப்பினர் பட்டியலில் 'ஸ்ரீ' என்று தொடங்கும் பெயர்களைத் தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பெயர்கள் கண் முன்னால் இருக்கின்றன, தேடலில் இல்லை!
*– மகளிர் குழுக் கணக்காளர், கருங்கல்*

ஸ்ரீ இரண்டு விதமாகத் தட்டப்பட்டிருக்கிறது. ஒன்று ஸ-வில் தொடங்குவது, மற்றது ஶ-வில் தொடங்குவது. திரையில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005-இல். அதற்கு முன் ஸ-வைக் கொண்டே ஸ்ரீ எழுதியாக வேண்டும். அதன் பிறகு ஶ-வே முறையானது என்று ஆனாலும், பல தட்டச்சுக் கருவிகள் பழைய வழியிலேயே இருந்துவிட்டன. செல்போனில் ஒருவரும் கம்ப்யூட்டரில் ஒருவரும் ஏற்றிய பட்டியலில் இரண்டும் கலந்து கிடக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. பக்கத்துக் காலியான கட்டத்தில் சமக்குறி போட்டு, யூனிகோடு என்று ஆங்கிலத்தில் எழுதி, அடைப்புக்குள் பெயர் இருக்கும் கட்டத்தைக் காட்டுங்கள். முதல் எழுத்தின் எண் வரும். 3000 என்றால் ஸ, 2998 என்றால் ஶ. கீழ்வரை இழுத்துவிட்டு எண்படி வரிசைப்படுத்தினால் இரண்டு கூட்டமும் தனித்தனியே பிரிந்து நிற்கும். எது அதிகமோ அதை வைத்துக்கொண்டு, மற்றதிலிருந்து ஒரு ஸ்ரீயைக் காப்பி செய்து, கன்ட்ரோல் எச் கொடுத்து மாற்றுங்கள். எந்த வடிவம் என்பதைவிட, பட்டியல் முழுக்க ஒன்றே என்பது முக்கியம்.

'ரிக்‌ஷா' என்று தட்டினால் க், ஷ இரண்டும் ஒட்டிக்கொண்டு 'ரிக்ஷா' ஆகிறது. பத்திரிகைகளில் மட்டும் பிரிந்து வருவது எப்படி?
*– பள்ளி ஆசிரியர், ஆரல்வாய்மொழி*

க் என்ற எழுத்துக்கும் ஷ-வுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் இருக்கிறது. அதன் எண் 200 சி, பதின்மத்தில் 8204. வேர்டில் க் தட்டி, 200 சி தட்டி, ஆல்ட் எக்ஸ் கொடுத்து, பிறகு ஷா தட்டுங்கள். பிரிப்பானுக்கு அகலம் கிடையாது. பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டியும் எதுவும் அழியாததுபோல் தெரிந்தால் அழிந்தது அதுதான். பிரிப்பான் போட்ட சொல்லையும் போடாத சொல்லையும் தேடல் வெவ்வேறாக நினைக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பங்கு மடலில் ✝ போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கலர் கட்டத்துக்குள் சிலுவையாக மாறுகிறது.
*– வாசகர், கோட்டாறு*

✝ 10013 என்ற எண்ணுக்கு எமோஜி வடிவமும் உண்டு. போன் அதைத் தேர்ந்தெடுக்கிறது. அதன் பின்னாலேயே எஃப் இ 0 இ என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்த்தால் சாதாரண வடிவமே வேண்டும் என்று பொருள். ஆனால் எல்லா போனும் அதை மதிப்பதில்லை. ✠ போதுமென்றால் அது 10016, வேர்டில் 2720 ஆல்ட் எக்ஸ். அதற்கு எமோஜி வடிவம் இல்லை, போன இடத்திலும் கறுப்பாகவே இருக்கும்.

கல்யாணக் கார்டு வேலை முழுக்கப் பாமினியில்தான். நடுவில் ½ அல்லது ₹ போட்டால் சம்பந்தமில்லாத எழுத்து வருகிறது. பேஜ்மேக்கரில் ₹ வரவே மாட்டேன் என்கிறது.
*– அச்சகப் பணியாளர், நாகர்கோவில்*

பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிய எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. தமிழக அரசு 1999-இல் அறிவித்த டாப், டாம் என்ற எழுத்துரு வகைகளில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ½-இன் 189, °-இன் 176, ×-இன் 215 எல்லாம் அந்தப் பகுதிதான். ஆகவே குறியைத் தட்டிய பிறகு அந்த ஓர் எழுத்தை மட்டும் செலக்ட் செய்து டைம்ஸ் நியூ ரோமன் போன்ற ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றுங்கள். வரி முழுவதற்கும் எழுத்துருவை மறுபடி மாற்றினால் குறி திரும்பவும் போய்விடும். இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கர் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள், அதற்கு யூனிகோடு தெரியாது. விண்டோஸின் 256 எழுத்துப் பட்டியலில் ₹ இல்லை. அங்கே 2010-இல் வெளியான ருபீ ஃபொராடியன் என்ற எழுத்துருவைத்தான் நாட வேண்டும்: டேப் விசைக்கு மேலே இருக்கும் ` குறியைத் தட்டி அந்த எழுத்துருவைக் கொடுத்தால் ₹ தெரியும். பிளேட் எடுக்கும் இடத்தில் அந்த எழுத்துரு இல்லை என்றால் தொகைக்கு முன்னால் ` மட்டும் அச்சாகி வரும். கோப்பைக் கொடுக்கும் முன் ₹-ஐ அவுட்லைன் ஆக்கிய படமாக வைப்பது பாதுகாப்பு. புது வேலைகளையாவது யூனிகோடு தெரிந்த மென்பொருளில் தொடங்குவது நல்லது.

௵, ௸, ₹ மூன்றும் தினமும் நூறு தடவை வேண்டும். ஒவ்வொரு முறையும் எண் தட்ட முடியவில்லை. ஒரே விசையில் வராதா?
*– அலுவலக உதவியாளர், கல்குளம்*

வேர்டுக்குள் மட்டும் போதும் என்றால் இன்சர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ். கேரக்டர் கோடு பெட்டியில் 0 பி எஃப் 5 தட்டினால் ௵ மேல் போய் நிற்கும். ஷார்ட்கட் கீ பொத்தானை அழுத்தி, உங்களுக்குப் பிடித்த சேர்க்கையைத் தட்டி, அசைன் கொடுங்கள். ஆட்டோகரெக்ட் வைத்து '..1' தட்டினால் ௵ என்றும் செய்யலாம். ஆனால் ஆட்டோகரெக்ட் பட்டியல் மொழிக்கு மொழி தனி. ஆங்கிலத்தில் சேர்த்தது தமிழ் வரிகளுக்குள் வேலை செய்யாமல் போகலாம். பெட்டியின் தலைப்பில் எந்த மொழி என்று பார்த்துச் சேருங்கள்.

எல்லா நிரலிலும் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கீபோர்டு லேயவுட் கிரியேட்டர், இலவசம். ஃபைல், லோட் எக்சிஸ்டிங் கீபோர்டு என்று இந்திய ஆங்கில அமைப்பைத் திறங்கள். வெறும் தாளில் தொடங்க வேண்டாம். இடப்பக்கம் ஆல்ட் ஜிஆர் (வலது ஆல்ட்) கட்டத்தில் டிக் போடுங்கள். காலியாக உள்ள விசையைக் கிளிக் செய்து குறியை அப்படியே ஒட்டுங்கள். பிராஜெக்ட், பிராபர்டீஸில் எட்டெழுத்துக்குள் ஒரு பெயர். பிறகு பிராஜெக்ட், பில்டு. உருவாகும் ஃபோல்டரில் உள்ள செட்டப்பை ஓட்டி, சைன் அவுட் செய்து வந்தால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தட்டும் பட்டியலில் உங்கள் கீபோர்டு இருக்கும்.

ஆல்ட் ஜிஆர் என்பது விண்டோஸுக்குக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தது. வேர்டில் அந்தச் சேர்க்கையோடு 1, 2, 3 தட்டினால் தலைப்பு வடிவம், சி தட்டினால் ©. இந்த விசைகளில் வைத்தால் மோதும், விட்டுவிடுங்கள். பின்னால் மாற்றம் செய்தால் பழைய அமைப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதியதை நிறுவுங்கள். இல்லையென்றால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. ஆல்ட் எண் எதுவும் எடுபடவில்லை.
*– மாணவி, திருவட்டாறு*

லினக்ஸில் ஆல்ட்டுக்கு இந்த வேலை கிடையாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்துத் தட்டி விடுங்கள். அடிக்கோடிட்ட சின்ன யு தோன்றும். பதினாறடிமான எண்ணைத் தட்டி என்டர் கொடுங்கள். 0 பி எஃப் 9 என்றால் ௹, 11 எஃப் டி 0 என்றால் கால், ஐந்திலக்கத்துக்கும் தடையில்லை. செட்டிங்ஸ், கீபோர்டில் கம்போஸ் கீ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதைத் தட்டி 1, 2 என்று தட்டினாலே ½ வரும், எண்ணே வேண்டாம்.

செல்போனில்?
*– வாசகர், தேங்காப்பட்டணம்*

எண் தட்டும் வழி கூகுளின் ஜிபோர்டு என்ற செல்போன் கீபோர்டில் இல்லை. ₹ குறிப் பக்கத்திலேயே இருக்கும். ௵ போன்றவற்றுக்கு ஜிபோர்டு செட்டிங்ஸ், டிக்ஷனரி, பர்சனல் டிக்ஷனரி என்று போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்து, மேல் பெட்டியில் குறியை ஒட்டி, ஷார்ட்கட் பெட்டியில் ஒரு சிறு சொல் கொடுங்கள். அந்தச் சொல்லைத் தட்டும்போது குறி பரிந்துரை வரிசையில் வரும், தொட்டால் போதும்.